இருபது ஆகாது

“நிப்பாட்டுங்கோ உந்தப் படத்தை! நிப்பாட்டுங்கோ எண்டு சொல்லுறன்!”

“ஏன் நிப்பாட்டோணும்? இப்பத்தானே ஒங்கட வாய் திறக்குது. எல்லாரும் கேக்கட்டும்.”

“வாய் என்ர வாய்தான். கதை என்ர கதை இல்லை!”

“அப்ப வாயை ஆருக்குக் கா இரவல் குடுத்தனீங்க?”

ரொறன்ரோ நகரத்தின் ரூஜ் பகுதித் தமிழ் மூத்தோர் மன்றத்தின் கொமிட்டி அறைக் கதவு பூட்டித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கட்டடத்துச் சுவர்கள் எதையும் மறைக்கும் சுவர்கள் அல்ல. பக்கத்து ஹோலில் யோகா செய்துகொண்டிருந்த பதினான்கு பேரும் மூச்சை உள்ளே இழுத்தவர்கள் வெளியே விட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிப்பாட்டச் சொன்ன குரல் தலைவி தவமணியுடையது. அறுபத்துநான்கு வயது. மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கிச்சின் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து, ஓய்வு எடுத்த மறுநாளே மன்றத்தைக் கையில் எடுத்தவர். ஆறு வருடமாக அவரை எதிர்த்து ஒருவரும் தேர்தலில் நிற்கவில்லை. நிற்க ஆசைப்பட்டவர் இருந்தார். அவர்தான் இரண்டாவது குரல்: செயலாளர் புஸ்பராணி. மட்டக்களப்புக்காரி. ‘கா’ போட்டு மரியாதையாகவே குத்தத் தெரிந்தவர்.

சண்டைக்குக் காரணம் மேசையில் திறந்திருந்த லாப்டொப். அதில் ஓடிக்கொண்டிருந்தது மிதுனன் எடுத்த ஆவணப்படம், ‘தலையாட்டிகள்’. மிதுனன் ஸ்காபுரோவில் பிறந்த இருபத்தேழு வயதுப் பிள்ளை. ஒன்பது மாதம் கமெராவோடு மன்றத்தைச் சுற்றிச்சுற்றி வந்தான். ‘மூத்தவர்களின் வாழ்க்கை’ பற்றிய படம் என்றுதான் சொன்னான். எல்லா வீட்டிலும் வடை சாப்பிட்டான். சாப்பிட்ட வாயால் அவன் சொல்லியிருந்தது இதுதான்: போன நகரசபைத் தேர்தலில் இந்த வட்டாரத்து முதியவர்கள் தாங்களாக வாக்களிக்கவில்லை, பஸ்ஸில் ஏற்றி, ஆளைக் காட்டி, வாக்குப் போட வைக்கப்பட்டார்கள், அந்தக் கயிற்றைப் பிடித்திருந்த கை தவமணியுடையது.

முப்பத்தோராவது நிமிடத்தில் திரை கறுப்பாகும். வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரும்: ‘யாருக்கு வாக்களிப்பது என்று நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்கிறீர்களா?’ பிறகு தவமணியின் முகம். நீலப் பட்டு. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, நிதானமாகத் தலையாட்டி அவர் சொல்வார்:

“ஓம்… ஓம்… அதெல்லாம் நான் பாக்கிறன். பஸ்ஸிலை கொண்டந்து இறக்கிறது என்ர பொறுப்பு. இருபது ஆகாது. இருபத்தொண்டு. நான் சொன்னபடி நிப்பினம், நீங்கள் யோசியாதேங்கோ.”

பின்னால் ஒரு மேளம் மெதுவாக அடிக்கும். அந்த மேளம் மட்டும் இல்லாவிட்டால் பாதிக் குற்றம் குறைந்திருக்கும்.

“நான் இப்பிடிச் சொல்லேல்லை,” என்றார் தவமணி, ஆறாவது தடவையாக.

தனாதிகாரி அருள்நாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுபத்தாறு வயதிலும் காகக் கறுப்புத் தலைமுடி வைத்திருந்த மனிதர். “தங்கச்சி, படத்திலை நீங்கள் சொல்லுறியள். நாங்கள் பாக்கிறம். ஓம் எண்டு சொல்லிப்போட்டு, பேந்து இல்லை எண்டா என்ன செய்யிறது?”

“எங்களை எல்லாம் ஆட்டுமந்தையாக்கி வைச்சிருக்கு இந்தப் படம்,” என்றார் புஸ்பராணி. “நூற்றிமுப்பது பேரின்ட மானம் கா. ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில படத்தைப் போடுவம். மறுகா நம்பிக்கையில்லாத் தீர்மானம். சனம் முடிவெடுக்கட்டும்.”

அருள்நாயகம் வழிமொழிந்தார். தவமணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். கோபத்தில் ஒரு பங்கு, கமெரா தன் நாடியைக் கீழிருந்து காட்டிய விதத்துக்கு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மிச்சப் பங்கு உண்மையான பயம். ஞாயிற்றுக்கிழமை பதவி போனால் போகட்டும். ‘கிழடுகளை மேய்த்தவள்’ என்ற பெயர் ஒட்டிவிட்டால், ரொறன்ரோவில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் அது முன்னாலே போய்க் கதிரை பிடித்து உட்கார்ந்திருக்கும்.

வீட்டில் மகள் நிரூபா இருந்தாள். மிசிசாகாவில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. கார் மோதிய இரண்டு பேர் சொல்லும் இரண்டு கதைகளையும் கேட்டு, எதில் எவ்வளவு நிஜம் என்று நாள் முழுக்க எடைபோடுகிறவள். தாய் படத்தைப் போட்டுக் காட்டினார், ‘உடனே வக்கீலைப் பிடிப்போம்’ என்று மகள் குதிப்பாள் என்ற நம்பிக்கையில்.

“அம்மா, ஆனெஸ்ட்லி… படம் நல்லாயிருக்கு.”

“என்னடி சொல்லுறாய்?”

“நல்லா எடுத்திருக்கிறான் எண்டு சொல்லுறன். சரி எண்டு சொல்லேல்லை. அந்த பஸ் சீனிலை பாருங்கோ. எல்லா சீற்றிலையும் ஒரே ஆளின்ர நோட்டீஸ். அது உண்மையோ இல்லையோ?”

“அது டிரைவர் வைச்சது.”

“டிரைவரிட்டை ஆர் குடுத்தது?”

தவமணி தண்ணீர் குடிக்கப் போனார். சோபாவில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த கணவர் ஸ்ரீஸ்கந்தராசா, தன்னை யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று தொலைக்காட்சியின் சத்தத்தை ஒரு புள்ளி கூட்டினார்.

நிரூபா முப்பத்தோராவது நிமிடத்தைத் திரும்பப் போட்டாள். “இதைப் பாருங்கோ அம்மா. மற்ற எல்லா இடத்திலையும் அவன்ர குரலிலை கேள்வி வருது. இதிலை மட்டும் எழுத்திலை வருது. வை? அவன் இந்தக் கேள்வியை அப்ப கேட்டவனோ?”

“எனக்கு ஞாபகமில்லை. ஒரு மணித்தியாலம் இருத்திவைச்சு என்னென்னவோ கேட்டவன்.”

மறுபடியும் போட்டாள். மறுபடியும். நான்காவது தடவை, ‘இருபது ஆகாது’ என்று திரையில் தன் வாய் சொன்னபோது, தவமணி நெஞ்சில் கைவைத்து, “ஜெயமலர்!” என்று கத்தினார். ஸ்ரீஸ்கந்தராசாவே திரும்பிப் பார்த்தார்.

ஜெயமலர் பக்கத்து நகரமான அஜக்ஸில் இருக்கும் சிநேகிதி. போன கார்த்திகை மாதம் பெரியபிள்ளையான மகளுக்குச் சாமத்தியச் சடங்கு வைத்தவர். சடங்கில் தட்டங்கள் ஒற்றை எண்ணிக்கையில் வரவேண்டும். பழத்தட்டம், பூத்தட்டம், பலகாரத் தட்டம் என்று இருபத்தொரு தட்டம் வைத்தால் அதைத் தூக்க இருபத்தொரு பெண்கள் வேண்டும். ஊரில் ஒழுங்கைக்குள் நின்று ஒரு கூப்பாடு போட்டால் வந்துவிடுவார்கள். இங்கே சனிக்கிழமையும் எல்லாருக்கும் வேலை. ஆகவே ஸ்காபுரோவில் சேலை கட்டிய, நேரத்துக்கு வரக்கூடிய, படிக்கட்டில் தட்டத்தைக் கொட்டாத பெண்களைத் திரட்டித் தருவதில் தவமணிக்கு நிகர் தவமணிதான். அன்று பேட்டிக்கு நடுவில், மிதுனன் பார்க்கிங் ரிக்கற்றுக்குப் பயந்து காரை மாற்றிவிடக் கீழே ஓடினான். அந்த இடைவெளியில் ஜெயமலர் போன் எடுத்தார். நிரூபா வாங்கிக் கொடுத்த வயரில்லாத குட்டி ஹெட்போன் தவமணியின் இடது காதில். கமெரா நின்றதோ வலது பக்கம். கமெராவை நிப்பாட்ட அவன் மறந்துபோனான்.

“இருபது தட்டம் ஆகாது எண்டனான்! இரட்டைப் படையிலை ஆராவது தட்டம் தூக்குவினமோ?”

நிரூபா திரையின் ஆங்கில அடிவரியைக் காட்டினாள். “அவன் ‘இருபது காணாது’ எண்டு மொழிபெயர்த்திருக்கிறான், அம்மா. வோட்டுக்கு இன்னும் ஆள் வேணும் எண்ட மாதிரி.”

“ஆகாதுக்கும் காணாதுக்கும் வித்தியாசம் தெரியாததெல்லாம் அரசியல் படம் எடுக்க வெளிக்கிட்டிட்டுது!”

அடுத்த நாள் மாலை தாயும் மகளும் மார்க்கம் றோட்டில் ஒரு பிளாசாவின் மேல்மாடிக்கு ஏறினார்கள். கீழே பேக்கரி, மேலே மிதுனன் படம் வெட்டி ஒட்டும் அறை. பாண் வாசம் படியேறி வந்தது. கதவைத் திறந்தவனின் முகத்தில், அடி விழப்போகிறது என்று தெரிந்த பிள்ளையின் களை.

“அன்ரி, ஐ நோ யூ ஆர் அப்செட். ஆனா படத்திலை ஆரும் கைவைக்க நான் விடமாட்டன். அது என்ர பிரின்சிபிள்.”

“நான் சண்டைக்கு வரேல்லைத் தம்பி,” என்று கதிரையில் அமர்ந்த தவமணி, மூச்சு விடாமல் ஆரம்பித்தார். கிச்சினில் நாற்பது பேரை மேய்த்த காலத்துக் கடுகதித் தமிழ். சிரித்த முகத்தோடு, தலையை ஆட்டி ஆட்டி, ஒரு நிமிடம் முழுக்கப் பேசினார். மிதுனன் மரியாதையான பிள்ளை. பெரியவர்கள் தமிழில் வேகமாகப் பேசினால் இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாம் செய்வதையே அவனும் செய்தான்.

“ஓம் அன்ரி… ஓம்… ஓம் அன்ரி… ஓம், ஓம்.”

தவமணி நிறுத்தினார். “இப்ப எத்தினை ஓம் சொன்னீர்?”

“தெரியேல்லை.”

“அஞ்சு. முதலாவது ஓமிலை, உம்மட கமெராவை எனக்குத் தாறதெண்டு ஒத்துக்கொண்டீர். ரெண்டாவதிலை தாடியை வழிக்கிறதெண்டு. மூண்டாவதிலை, இந்தப் படத்துக்கு நீர் காசு வாங்கினது உண்மையெண்டு. நாலாவதும் அஞ்சாவதும் என்னெண்டு பொம்பிளைப் பிள்ளைக்கு முன்னாலை சொல்ல மாட்டன்.”

நிரூபா தன் கைத்தொலைபேசியைத் தூக்கிக் காட்டினாள். எல்லாம் பதிவாகியிருந்தது. “சின்னதா ஒரு மேளம் போட்டா ஃபெஸ்டிவலுக்கே அனுப்பலாம்,” என்றாள்.

மிதுனன் சிரிக்க முயன்றான், வரவில்லை. கொம்பியூட்டர் பக்கம் திரும்பி, வெட்டாத முழுப்பதிவைத் தேடி எடுத்தான். ஐம்பத்திரண்டு நிமிடம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டான். அவன் முகம் சிவந்ததை முதலில் பார்த்தவள் நிரூபா.

“தட்டம் எண்டா… ட்ரே?”

“ஓம்,” என்றார் தவமணி. “இந்த ஓம், உண்மையான ஓம்.”

“நான் பொய் சொல்லேல்லை அன்ரி. கடவுளாணை. முதல் கிழமையே புஸ்பராணி அன்ரி சொன்னவ, ‘தவமணிக்கா சொன்னா எல்லாரும் போடுவாங்க’ எண்டு. பிறகு இதைக் கேக்க… இதுதான் எண்டு நினைச்சன்.”

“நீர் பொய் சொல்லேல்லைத் தம்பி. தேடினது கிடைச்ச உடனை தேடுறதை விட்டிட்டீர்.”

அவன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். பிறகு ஒரு வழி சொன்னான். தட்டக் கதை வரும் இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டித் தருகிறேன்; ஞாயிற்றுக்கிழமை படத்துக்குப் பிறகு அதைப் போடுங்கள்; பிழை என்னுடையது என்று நானே எழுந்து சொல்கிறேன். நிரூபாவுக்குச் சந்தோசம். தவமணிக்கும்தான், மிச்சப் பதிவை அவன் ஓடவிடும் வரைக்கும்.

ஜெயமலரோடு அன்று பேசியது பதினொரு நிமிடம். அதில் இரண்டு நிமிடம்தான் தட்டம். மற்ற ஒன்பது நிமிடமும் மன்றத்துக் கொமிட்டி. ஒருத்தர் மிச்சமில்லை. அருள்நாயகம் அண்ணையின் தலைமுடிச் சாயத்துக்கு மட்டும் ஒன்றரை நிமிடம். புஸ்பராணிக்கு மூன்று.

“ரெண்டு நிமிசம் காணும் அம்மா,” என்றாள் நிரூபா அவசரமாக. “மிச்சத்தை ஒருத்தரும் பாக்கத் தேவையில்லை.”

தவமணி ஜன்னலால் கீழே பார்த்தார். பேக்கரி வாசலில் யாரோ காரை இரட்டையாக நிறுத்தி வைத்திருக்க, பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடத்தைப் போட்டால் புஸ்பராணி என்ன கேட்பார் என்று அவருக்குத் தெரியும். ‘மிச்சம் எங்க கா?’ என்பார். தன் இடத்தில் புஸ்பராணி நின்றிருந்தால் தானும் அதைத்தான் கேட்டிருப்பார், இன்னும் பெரிய குரலில். வெட்டினதால் அழிந்த பெயரை இன்னொரு வெட்டினால் எப்படி மீட்பது?

“முழுக்கப் போடும்,” என்றார்.

“பதினொரு நிமிசமுமோ?”

“அதுக்குப் பிறகு நீர் திரும்பி வந்து கேட்ட கேள்வியையும். ஒரு செக்கன் குறையக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை ஹோல் நிரம்பியது. சாதாரணமாகப் பொதுக்கூட்டத்துக்கு ஐம்பது பேர் வந்தாலே பெரிய விசயம். அன்று நூற்றிமுப்பது கதிரையும் போதாமல் சுவரோடும் நின்றார்கள். உடம்பு சரியில்லை என்று ஆறு மாதமாகக் கோயிலுக்கே போகாத வேரோனிக்கா அக்காவும் — அவர் போவது தேவாலயம், அங்கும் போகவில்லை — முன்வரிசையில் இருந்தார்.

முதலில் ‘தலையாட்டிகள்’ ஓடியது. மேளம் அடித்தது. தவமணி இருபத்தொரு பேரை இறக்கினார். ஹோல் முழுக்க “ச்சா” என்ற ஓசை அலையாக எழுந்தது. பஸ்ஸில் போய் வாக்களித்தவர்களே, தங்களைத் தாங்களே பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். படம் அவ்வளவு நல்ல படம்.

பிறகு மிதுனன் மைக்கைப் பிடித்து, தடுமாறிய தமிழில், “இதிலை பெரிய பிழை ஒண்டு இருக்கு. அது என்ர பிழை. இப்ப வெட்டாத வீடியோவைப் பாருங்கோ,” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தான்.

இருபது தட்டம் ஏன் ஆகாது என்று திரையில் தவமணி விளக்கியபோது முதலில் ஒரு சிரிப்பு வெடித்தது. அவர் சொன்ன இருபத்தொரு பேரில் பதினேழு பேர் ஹோலில்தான் இருந்தார்கள். “அது நாங்களடி! அஜக்ஸ் சடங்கு!” என்று பின்வரிசையில் ஒருவர் எழும்பியே நின்றுவிட்டார். அத்தோடு முடிந்திருந்தால் தவமணி நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் திரையில் அவர் வாய் நிற்கவில்லை.

“அருள்நாயகம் அண்ணையோ? அந்தாள் மழைக்கு வெளியாலை வராது. வந்தா சேர்ட் கொலர் கறுத்துப்போம்…”

நூற்றிமுப்பது தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. அருள்நாயகத்தின் கை தானாகவே தலைக்குப் போயிற்று. இருட்டில் தவமணி தன் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச்சுற்றி இறுக்கினார்.

“புஸ்பராணி எழுதிற மினிட்ஸை வாசிச்சா, நடந்தது கொமிட்டி மீற்றிங்கோ சண்டித்தனமோ எண்டு விளங்காது. எல்லாத்துக்கும் ஒரு கொடுக்குக் கேள்வி. தலைவி கதிரையிலை கண். வைச்சா வைக்கட்டும் ஜெயா. ஆனா ஒண்டு சொல்லுறன், அவ இல்லாட்டி இந்த மன்றம் ரெண்டு கிழமையிலை படுத்திடும். நான் கத்துவன், அவதான் வேலை செய்யிறது.”

மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்த புஸ்பராணி திரையை நிமிர்ந்து பார்த்தார். பேனை எழுதுவதை நிறுத்தியது.

பதினோராவது நிமிடம் முடிய, திரையில் மிதுனன் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தான். இப்போது கேள்வி எழுத்தில் வரவில்லை. அவன் குரலிலேயே வந்தது. “அன்ரி, ஆருக்கு வோட் போடோணும் எண்டு நீங்கள் இவைக்குச் சொல்லுறனீங்களோ?”

திரையில் தவமணி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்து, வயிறு குலுங்கச் சிரித்தார். “சொல்லுறனான். ஏன் சொல்லாமல்? வாய் எதுக்கு இருக்கு? ஆனா ஆர் தம்பி கேக்கினம்? போனமுறை நான் சொன்ன ஆளுக்கு என்ர மனுசனே போடேல்லை!”

ஹோல் கூரை அதிரச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் நான்காம் வரிசையிலிருந்து ஸ்ரீஸ்கந்தராசா எழுந்தார். கலியாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் பொதுச்சபையில் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

“உண்மை,” என்றார். “நான் மற்ற ஆளுக்குத்தான் போட்டனான்.” அமர்ந்தார்.

“நானும்!” என்றது ஒரு குரல். “நானும்தான். நோட்டீசிலை கடலை சுத்தினனான்!” என்றார் வேரோனிக்கா. ‘தலையாட்டிகள்’ என்று பெயர் வாங்கிய சனம், தான் தலைவியின் பேச்சைக் கேட்கவில்லை என்பதைப் போட்டி போட்டுக்கொண்டு நிரூபித்தது. தன்னை மதிக்காத நூற்றிமுப்பது பேரைப் பார்த்துத் தவமணிக்கு வாழ்நாளில் வராத பெருமை வந்தது.

மைக்கை வாங்கினார். “அருள்நாயகம் அண்ணை, முதுகுக்குப் பின்னாலை கதைச்சது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. சாயத்தைப் பற்றிச் சொன்னது பிழையெண்டு சொல்லமாட்டன்.” சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தார். “இன்னொண்டு. தம்பி ஒரு விசயம் சரியா எடுத்திருக்கிறார். பஸ்ஸிலை ஒரே ஆளின்ர நோட்டீசை வைச்சது நான்தான். டிரைவர் இல்லை. அதை ஒருத்தரும் வெட்டி ஒட்டேல்லை. இனி எல்லாரின்ர நோட்டீசும் வைப்பம், இல்லாட்டி ஒண்டும் வேண்டாம். இவ்வளவுதான். இப்ப கையைத் தூக்குங்கோ.”

தீர்மானத்துக்கு ஆதரவாகப் பதினெட்டுக் கை எழுந்தது. அருள்நாயகத்தின் கை அதில் ஒன்று. மனிதரைக் குறை சொல்ல முடியாது. எதிராகத் தொண்ணூற்றாறு. மிச்சப் பேர் ஏற்கெனவே சாப்பாட்டு மேசைப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். எண்ணியவர் புஸ்பராணி. இரண்டு தடவை எண்ணினார். “எண்ணுறவ கை தூக்கப்படாது கா,” என்று யாரும் கேட்காமலே சொன்னார். பிறகு மைக்கில், “தீர்மானம் தோல்வி,” என்று அறிவித்து, மினிட்ஸ் புத்தகத்தை மூடியபடி, “தலைவி தவமணி தொடர்ந்து இருப்பா,” என்றார்.

எழுந்து நின்று கைதட்டினார்கள். யோகா வகுப்பின் பதினான்கு பேர்தான் கடைசியாக நிறுத்தினார்கள். தவமணி அன்று ஹோலை விட்டு வெளியே வர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. கை பிடிக்காதவர் இல்லை. தங்களைப் பற்றிப் பதிவில் ஒரு வார்த்தையும் வரவில்லையே என்று மனவருத்தப்பட்ட இரண்டு பேர்கூட இருந்தார்கள்.

மிதுனன், அன்றைய கூட்டத்தில் பிடித்ததையும் சேர்த்து, படத்தைத் திரும்ப வெட்டினான். இந்தமுறை ஆங்கில அடிவரிகளை நிரூபா சரிபார்த்தாள். மே மாதத் திரைப்பட விழாவில் கூட்டம் அதிகமாகச் சிரித்தது ஸ்ரீஸ்கந்தராசா எழும்பிய இடத்தில்தான். பஸ் நோட்டீஸ் காட்சியை அவன் நீக்கவில்லை. நீக்கச் சொல்லித் தவமணியும் கேட்கவில்லை. மேளத்தை மட்டும் நீக்கிவிட்டான்.

அவனுக்கும் நிரூபாவுக்கும் ஏதோ முற்றப்போகிறது என்று பாதி ரூஜ் நாள் பார்த்துக்கொண்டிருந்தது. ஊர் பிழைவிட்டது. அடுத்த ஆவணியில் அவன் கட்டியது பிரசாந்தினியை, புஸ்பராணியின் ஒரே மகளை. அப்போதுதான் பலருக்கும் பிடிபட்டது, படம் எடுத்த ஒன்பது மாதமும் மற்ற வீடுகளில் ஒரு வடையோடு எழும்பிய பிள்ளை அந்த ஒரு வீட்டில் மட்டும் ஏன் மூன்று மணித்தியாலம் இருந்து அன்ரி சொன்னதையெல்லாம் ஓம் போட்டுக் கேட்டான் என்று. நிரூபா கந்தோரில் கூட வேலைசெய்யும் யசிந்தனைக் கட்டி மிசிசாகாவுக்குப் போய்விட்டாள், ஞாயிறுகளில் வருவாள். அருள்நாயகம் அண்ணை மகனோடு இருக்கவென்று வன்கூவருக்குப் போனார். அங்கே மழை அதிகம் என்கிறார்கள். பிரசாந்தினியும் மிதுனனும் அஜக்ஸில் வீடு வாங்கி, புஸ்பராணியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். செயலாளர் கதிரைக்குத் தவமணி இதுவரை மூன்று பேரை வைத்துப் பார்த்துவிட்டார். ஒருவரும் நிலைக்கவில்லை.